ஜி-யில் முடியும் குட்டி ஆங்கிலச் சொற்கள், பொருளோடு வேண்டும்

தேன்மொழி_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஏழு வயது. எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். இப்போது ஒரே மாதிரி முடியும் சொற்களைச் சேர்த்துக் கற்றுக்கொடுக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஏ-ஜி, ஐ-ஜி, ஓ-ஜி, யு-ஜி என்று முடிகிற மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்கள்தான் முதலில். தேடினால் பட்டியல் நிறையவே கிடைக்கிறது, ஆனால் பாதிப் பட்டியல்களில் பொருளே இல்லை, மீதியில் அகராதியில் இருப்பதை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். எஸ்-ஏ-ஜி என்றால் "தொய்வுறுதல்" என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் சொல்லி என்ன பயன்? அவளுக்குப் புரிகிற மாதிரி பொருள் சொல்லத் தெரிந்தவர்கள் உதவினால் நன்றாக இருக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பி-ஏ-ஜி என்ற பையையும் பி-ஏ-சி-கே என்ற முதுகையும் ஒரே மாதிரிதான் சொல்கிறாள், நான் சொல்லி எழுதச் சொன்னால் ஜி வரவேண்டிய இடத்தில் கே போட்டுவிடுகிறாள். கவனக்குறைவு மாதிரித் தெரியவில்லை, அவள் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன என்றுதான் தோன்றுகிறது.

கடைசியாக, இப்படி முடிவை வைத்துக் கற்பதில் உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை பாட்டு மாதிரி சொல்லிவிட்டு மறந்துபோவார்களா?

கரும்பலகை:

பலன் உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சின்ன வகுப்புகளுக்குத்தான் பாடம் எடுக்கிறேன். ஆங்கிலத்தில் உயிரெழுத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் அது எப்படி ஒலிக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அதற்குப் பின்னால் வரும் எழுத்தையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே ஒலிதான் வரும். ஏ-வுக்கு எத்தனையோ ஒலி இருக்கிறது, ஏ-ஜி என்று சேர்ந்துவிட்டால் குட்டிச் சொற்களில் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். 1970-இல் வைலி, டரெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், இந்த மாதிரி 37 முடிவுகளைத் தெரிந்துகொண்டாலே தொடக்க வகுப்புச் சொற்களில் ஏறக்குறைய 500 சொற்களை உருவாக்க முடியும் என்று காட்டினார்கள். ஒரு பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய சுமைக்குறைப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

பொருள் விஷயத்துக்கு வருகிறேன். ஏ-ஜி குடும்பத்தில் பாதிச் சொற்கள் வினைச்சொற்கள், அவற்றை வாயால் விளக்கவே வேண்டாம், செய்து காட்டினால் போதும். நாய் வாலை ஆட்டுகிறதே, அது வேக். கொடிக்கயிற்றில் ஈரப் போர்வையைப் போட்டால் நடுவில் கீழே இறங்கித் தொங்கும் இல்லையா, அந்தக் கயிற்றைக் காட்டி "இதுதான் சேக்" என்று சொல்லுங்கள், பிறகு தொய்வு என்ற சொல்லும் தானாகப் புரிந்துவிடும். கனமான பெட்டியைத் தூக்க முடியாமல் தரையோடு இழுத்தால் டிரேக். "வாங்கிக் கொடு, வாங்கிக் கொடு" என்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லி நச்சரித்தால் நேக். கூட நடந்து வந்தவர் பின்தங்கிவிட்டால் லேக், வீடியோவில் படம் ஓடி ஒலி பிறகு வந்தாலும் அதே சொல்தான். தன் பெருமையைத் தானே பேசினால் பிரேக், அதில் இ வராது, வண்டியை நிறுத்துகிற பிரேக் வேறு. பொருளைக் குறிக்கும் சொற்கள் எளிது: பை, கந்தல் துணி, சட்டைக் காலரில் தைத்திருக்கும் சிறு சீட்டு, கொடி, ஆண் மான். வேலி ஆணியில் சட்டை மாட்டிக்கொண்டு நூல் இழுபடுவதற்கும் ஒரு சொல் இருக்கிறது, ஸ்னேக், எஸ்-என்-ஏ-ஜி. பாம்பு என்று நினைத்துவிடாதபடி எழுத்தோடு காட்டுங்கள். எனக்கு இந்தக் குடும்பத்திலேயே மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதற்குத் தமிழில் ஒரே சொல்லில் பொருள் சொல்ல முடியாது, ஆனால் ஒருமுறை சட்டை மாட்டிக்கொண்டால் பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உச்சரிப்பை நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். நாம் இங்கே பேசிக்கொள்ள எழுதுவது வேறு. பிள்ளை நோட்டில் "பேக்" என்று எழுதினால் பையும் அதுதான், முதுகும் அதுதான், மூட்டை கட்டுவதும் அதுதான். "பேட்" என்று எழுதினால் வௌவால், கெட்டது, செல்லமாகத் தட்டுவது, எழுதும் அட்டை எல்லாம் ஒன்றாகிவிடும்.

ஒலிமாணவன்:

தேன்மொழி மேடம், உங்கள் மகளுக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்கிறது என்று சொன்னீர்களே, அது சரியான கணிப்பு. தமிழ் பேசும் காது அப்படித்தான் பழகியிருக்கும். நம் மொழியில் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் எந்தச் சொல்லும் முடியாது. நன்னூல் சொல்லுக்கு 24 ஈறுகள் சொல்கிறது, அதில் ஒரு வல்லின மெய்கூடக் கிடையாது, வல்லினம் வந்தால் பின்னாலேயே குற்றியலுகரம் வந்து தாங்கிக்கொள்ளும்: பாக்கு, காடு, பந்து. அதனால்தான் நம்மில் பலர் பேகு, டாகு என்று கடைசியில் ஓர் உகரம் போட்டுப் பேசுகிறோம். அது நம் மொழியின் இயல்பான பழக்கம், அதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

அடுத்தது, தமிழில் ககரத்துக்கு இரண்டு ஒலி இருந்தாலும் அது எங்கே வருகிறது என்பதே ஒலியைத் தீர்மானித்துவிடும். "அக்கா"வில் ஒரு ஒலி, "அங்கே"யில் இன்னொரு ஒலி. நாம் யோசிப்பதே இல்லை, வாய் தானாகச் செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி இல்லை, ஒரே இடத்தில் இரண்டும் வரும், வந்தால் பொருளே மாறும். அதற்கு நம் காதுக்குப் பயிற்சி கிடையாது.

அப்புறம் முக்கியமான விஷயம். ஆங்கிலம் பேசுபவர்கள் இந்த இரண்டையும் பெரும்பாலும் கடைசி எழுத்தை வைத்துப் பிரிப்பதே இல்லை, அதற்கு முன்னால் வரும் உயிர் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஜி-யில் முடிந்தால் உயிர் நீளும், கே-யில் முடிந்தால் வெட்டினாற்போல் நிற்கும். பையைச் சொல்லும்போது "பே...க்" என்று கொஞ்சம் இழுங்கள், முதுகைச் சொல்லும்போது சட்டென்று நிறுத்துங்கள். முதலில் மிகையாகவே செய்யுங்கள், தொண்டையில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஜி வரும்போது அதிர்வு இன்னும் சிறிது நேரம் தொடரும்.

பயிற்சிக்கு நல்ல இணைகள் நிறைய இருக்கின்றன. நாயும் கப்பல் வந்து நிற்கும் துறையும் (டி-ஓ-ஜி, டி-ஓ-சி-கே), மரக்கட்டையும் பூட்டும், தவளையும் சிறுமிகள் போடும் ஃபிராக்கும், பன்றியும் "பொறுக்கி எடு" என்பதும், பொய்முடியும் விளக்குத் திரியும், தோண்டியதும் வாத்தும், இழுப்பதும் சட்டையை உள்ளே செருகுவதும். குழாய் அடைத்துக்கொண்டால் ஜி, சுவர்க்கடிகாரம் என்றால் சி-கே. நீங்கள் ஒன்றைச் சொல்லுங்கள், அவள் எந்தப் படம் என்று தொட்டுக் காட்டட்டும். எழுதுவது பிறகு. காது பிரித்துவிட்டால் எழுத்துப்பிழை தானாகக் குறையும், ஏனென்றால் விதி எளிதுதான்: குறுகிய உயிருக்குப் பின்னால் சொல் முடிவில் கே ஒலி வந்தால் பெரும்பாலும் சி-கே என்று எழுத வேண்டும்.

சொல்வேட்டை:

ஓ-ஜி குடும்பத்தை யாரும் இன்னும் தொடவில்லை, அதனால் நான் வருகிறேன், ஆங்கிலத்திலேயே வினோதமான குடும்பம் இதுதான்.

நாய், தவளை, பன்றி என்று ஓ-ஜியில் முடியும் விலங்குகளைப் பாருங்கள் (பன்றிக்கு ஹாக், பிக் இரண்டு சொல்லும் உண்டு, பிக் ஐ-ஜி வீட்டுப் பிள்ளை). கரும்பலகை சொன்ன ஆண் மான் ஸ்டேக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரு அசை, எல்லாம் ஜி, எல்லாம் விலங்கு. பழைய ஆங்கிலத்தில் இவற்றில் சில இரட்டை ஜி-யோடு, டாக்கா, ஃபிராக்கா, ஸ்டாக்கா என்ற சாயலில் இருந்தன. நாய்க்கு அன்றைய வழக்கமான சொல் ஹுண்ட், அதுதான் இன்று வேட்டை நாய்க்கு மட்டும் ஹவுண்ட் என்று சுருங்கிவிட்டது. டாக் எங்கிருந்து வந்தது என்று மொழியியலாளர்கள் இன்றுவரை தலையை உடைத்துக்கொள்கிறார்கள், விடை கிடைக்கவில்லை. ஆங்கிலத்தின் மிகச் சாதாரணமான சொற்களில் ஒன்றுக்கு வேர் தெரியாது என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கும்.

விலங்கு அல்லாதவையும் சுவையானவைதான். லாக் என்றால் மரக்கட்டை. பழைய கப்பல்களில் வேகத்தை அளக்க ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் வீசுவார்கள், கட்டை வீசிய இடத்திலேயே மிதக்கும், கப்பல் முன்னே போகப் போகக் கயிறு கையிலிருந்து ஓடும், அதில் சம இடைவெளியில் போட்ட முடிச்சுகள் எத்தனை போயின என்று மணற்கடிகாரம் வைத்து எண்ணுவார்கள். இன்றும் கப்பல் வேகத்தை நாட் என்று சொல்வது அந்த முடிச்சுதான். எண்ணிக்கையை எழுதி வைத்த ஏடு லாக் புக் ஆனது. அதிலிருந்துதான் கணினியில் லாகின் செய்வது, 1997-இல் இணையக் குறிப்பேட்டுக்கு வெப்லாக் என்று பெயர் வந்தது, 1999-இல் ஒருவர் அதை உடைத்து வி பிளாக் என்று எழுத, பிளாக் என்ற சொல் பிறந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கட்டைக் கதையைச் சொல்லுங்கள், ஒரு தொட்டித் தண்ணீரும் நூலும் இருந்தால் செய்தே காட்டலாம்.

ஃபாக் மூடுபனி, அதோடு புகை சேர்ந்தால் ஸ்மாக், ஸ்மோக் என்பதன் தலையும் ஃபாக் என்பதன் வாலும் ஒட்டியது. ஜாக் மெதுவாக ஓடுவது. பாக் கால் புதையும் சதுப்பு நிலம். காக் என்பது பற்சக்கரத்தில் இருக்கும் ஒற்றைப் பல், பழைய கடிகாரம் ஏதாவது இருந்தால் திறந்து காட்டுங்கள்.

ஜி-யில் முடியாத ஒன்றையும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஓ-டி குடும்பத்தில் காட் என்று ஒரு சொல், மடக்குக் கட்டில், குழந்தைக் கட்டில். இது இந்தியின் காட் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது, அதன் வேர் திராவிடம், நம் "கட்டில்" அதற்கு உறவு. பிள்ளைக்குப் பொருள் சொல்லவே தேவையில்லை.

நிதானம்:

எல்லாம் அருமையான தகவல்கள், ஆனால் ஒரு மாற்றுக்கருத்து. சேக், நேக், லேக், டேக், வேக், ரேக் எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்தால் பிள்ளை படித்துவிடும், பொருள் நிற்காது. புதிய சொற்கள் வடிவில் ஒத்துப்போகப் போக ஒன்றின் பொருள் இன்னொன்றுக்குத் தாவிவிடும். படிக்கப் பழகுவதற்கு ஒத்த முடிவு உதவி, பொருளை நினைவில் வைப்பதற்கு அதுவே இடைஞ்சல். இரண்டு வேலையையும் ஒரே பட்டியலிடம் கேட்கக் கூடாது.

என் யோசனை இதுதான். ஒரு குடும்பத்தில் அவளுக்கு ஏற்கெனவே பேச்சில் தெரிந்த இரண்டு மூன்று சொற்களோடு புதிதாக ஒன்றே ஒன்று. நாய், கட்டை தெரியும் என்றால் மூடுபனி புதிது, அவ்வளவுதான். அடுத்த புதுச் சொல் வேறொரு குடும்பத்திலிருந்து வரட்டும். நேக்கும் லேக்கும் ஒரே வாரத்தில் சந்திக்கவே வேண்டாம்.

கரும்பலகை:

நிதானம் சார் சொல்வதை ஏற்கிறேன், படிக்கும் பயிற்சியும் பொருள் பயிற்சியும் வேறு வேறு நேரம்தான். படிக்கும் பயிற்சிக்குப் பொருளே இல்லாத சொற்கள்கூட நல்லதுதான். இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்புச் சோதனை வைக்கிறார்கள், 40 சொற்கள், அதில் 20 நிஜச் சொற்கள், 20 சும்மா உருவாக்கியவை. மனப்பாடமாகப் படிக்கிறதா, எழுத்தைக் கூட்டிப் படிக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். வீட்டில் செய்தால் "இது பொம்மைச் சொல்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பொருள் கேட்டு வருவாள்.

தேன்மொழி_அம்மா:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உயிரை நீட்டிச் சொல்வதைச் செய்து பார்த்தேன், நாய்க்கும் கப்பல் துறைக்கும் படத்தைச் சரியாகத் தொட்டாள், பன்றிக்கு மட்டும் இன்னும் தடுமாறுகிறாள். யு-ஜிக்கும் இதே மாதிரி யாராவது பொருள் சொல்வீர்களா? அப்புறம் அவள் அண்ணன் பக்கத்தில் இருந்துகொண்டு "முடிவு ஒன்றாக இருந்தால் ஒலியும் ஒன்று என்றால் 'ஆனால்' என்று பொருள்படும் பி-யு-டி பட், 'வை' என்று பொருள்படும் இன்னொரு பி-யு-டி மட்டும் ஏன் புட்?" என்று கேட்டுவிட்டான். அவனுக்கு என்ன சொல்வது?

கரும்பலகை:

யு-ஜி: பூச்சி, கட்டிப்பிடிப்பது, கைப்பிடி வைத்த குவளை, ஜாடி, தரை விரிப்பு, தோண்டியது எல்லாம் முதல் வரிசை. டி-யு-ஜி என்று எழுதினால் தோண்டியதா இழுப்பதா என்று இங்கே குழப்பம் வரும், நோட்டில் வராது, அதனால் சொல்கிறேன்: கயிறு இழுக்கும் போட்டிக்கு டக் ஆஃப் வார். துறைமுகத்தில் பெரிய கப்பலை இழுத்து வரும் குட்டிப் படகுக்கும் அதே டக் தான் பெயர். தோளைக் குலுக்கி "எனக்கென்ன தெரியும்" என்று காட்டுவது ஷ்ரக், உடனே செய்து காட்டலாம். ஓடு இல்லாத நத்தை ஸ்லக். போர்வைக்குள் சுருண்டு இதமாக இருப்பது ஸ்னக். லக் என்றால் கனத்தைச் சிரமப்பட்டுச் சுமந்து போவது, பயணப் பெட்டிகளுக்கு லக்கேஜ் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். தக் என்பது அந்தக் கால வழிப்பறிக் கொள்ளைக்காரர்களைத் தக்கர்கள் என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்தான், இங்கிருந்து அங்கே போனது, ஏழு வயதுக்கு வேண்டாம்.

ஒலிமாணவன்:

அண்ணனுக்கு நல்ல கேள்வி. பழைய காலத்தில் இரண்டும் உகரமாகவே ஒலித்தன, "புட்" மாதிரிதான். 17-ஆம் நூற்றாண்டில் தெற்கு இங்கிலாந்தில் இந்த உகரம் அகரம் பக்கமாக நகர ஆரம்பித்தது, வெட்டு, குடிசை, கொட்டை, மூடு எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. ஆனால் உதட்டைக் குவித்துச் சொல்லும் ப, ஃப, வ ஒலிகளுக்குப் பின்னால் சில சொற்களில் மட்டும் பழைய உகரம் தங்கிவிட்டது, உதடு ஏற்கெனவே குவிந்திருப்பதால் உகரம் கலையவில்லை. வடக்கு இங்கிலாந்தில் இந்த நகர்வே நடக்கவில்லை, அங்கே பலர் இன்றும் இரண்டையும் உகரமாகத்தான் சொல்கிறார்கள்.

அந்த யு-டி குடும்பத்தில் "வை" என்ற புட் மட்டும் தனியாக நிற்பதால் அவனுக்கு விதி தெரியவில்லை. அவனிடம் யு-எல்-எல் குடும்பத்தைக் கொடுங்கள், அங்கே பளிச்சென்று தெரியும்: காளை புல், இழு புல், நிறைந்தது ஃபுல், இந்த மூன்றும் உதட்டொலியில் தொடங்குகின்றன, மூன்றிலும் உகரம். மங்கல் டல், கடற்காகம் கல், மண்டையோடு ஸ்கல், கப்பலின் உடல் ஹல், எதுவும் அப்படித் தொடங்கவில்லை, எல்லாம் அகரப் பக்கம். யு-எஸ்-எச்சிலும் அதே கதை, தள்ளு, புதர் இரண்டும் உகரம், அவசரம், தூரிகை, வெட்கத்தில் சிவப்பது எல்லாம் அகரம். தூரிகையிலும் சிவப்பதிலும் பி இருக்கிறதே என்று கேட்பான், நடுவில் ஒன்றில் ஆர், இன்னொன்றில் எல் வந்து நிற்கிறது என்று காட்டுங்கள்.

எல்லா இடத்திலும் இது செல்லாது, பூச்சியும் வேடிக்கையும் உதட்டொலியில் தொடங்கியும் அகரத்துக்குப் போய்விட்டன, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இரண்டு தாளில் இரண்டு குவியலாக அவனையே பிரிக்கச் சொன்னால் தங்கையும் பக்கத்தில் வந்து உட்காருவாள்.